விசாரித்து அறிந்தவரை

என் கணவர் கனடாவில் உணவகங்களின் புகைக்கூடுகளைச் சுத்தம் செய்யும் ஒரு சிறிய கம்பனியை நடத்தி வந்தார். அடுப்புக்கு மேலே தொங்கும் தகரக் கூடு, அதிலிருந்து கூரைவரை ஏறிப்போகும் குழாய், கூரையில் சுழலும் பெரிய விசிறி, மூன்றிலும் எண்ணெய்ப் புகை படிந்து பிசினாக இறுகும். சுரண்டாமல் விட்டால், என்றோ ஒருநாள் சட்டியிலிருந்து ஒரு சுவாலை மேலே எழும்பினால் போதும், குழாய் முழுவதும் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் கூட்டின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்: இன்ன திகதியில், அடியிலிருந்து கூரைவரை சுத்தம் செய்யப்பட்டது. தீயணைப்புப் பரிசோதகர் வந்தாலும் காப்புறுதிக்காரர் வந்தாலும் முதலில் அந்த ஸ்டிக்கரைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. அவர் வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கழற்றி நேரே பேஸ்மென்டில் போடச் சொல்வேன். எண்ணெய் மணம். கம்பனியோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் பதிவில் இரண்டாவது இயக்குநராக என் பெயர் இருந்தது. கம்பனி தொடங்கும்போது கணக்காளர் போடச் சொன்னார், போட்டோம்.

ஓர் ஒக்டோபர் காலை பல் விளக்கிக்கொண்டு நின்றவர் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்ல வந்தது, தடியோடு நடந்தார். கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்குகிறது, சொல்லை வெளியே எடுக்கிற இடம்தான் அடிபட்டுவிட்டது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். அவரிடம் மிஞ்சிய ஒரே சொல், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'ஓம்'. தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். சில நேரம் அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவரே திகைத்துப் பார்ப்பார், வேறு யாரோ சொன்னதுபோல.

கம்பனியை அவரோடு வேலை செய்த ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். தற்காலிகமாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு ஓடினார். ஆனால் எவ்வளவு காலத்துக்கு? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விற்பதுதான் வழி என்று முடிவெடுத்தேன். ஒஷாவாவில் இதே தொழிலைப் பெரிதாகச் செய்யும் ஒருவர் வாங்க முன்வந்தார். நரைத்த தாடி வைத்த கனடாக்காரர். தம்பியையும் தன்னோடு வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து என் கணவரின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பயம் தொடங்கியது லோயரின் அலுவலகத்தில்தான்.

லோயர் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். ஒப்பந்தத்தை என் பக்கம் திருப்பி வைத்து விரலால் ஓரிடத்தைத் தொட்டார்.

"அன்ரி, மிச்சமெல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன். உந்தப் பகுதியை மட்டும் நீங்கள்தான் பாக்கவேணும். ரெப்ரசென்டேஷன்ஸ் அன்ட் வாரன்ரீஸ்."

"அது ஏதோ சாமானுக்குக் குடுக்கிற வாரன்ரியோ?"

"இல்லை. முதல் சொல், 'இது இப்பிடித்தான் இருக்கு' எண்டு நீங்கள் சொல்லுறது. ரெண்டாவது, 'நான் சொன்னது பிழையெண்டா நான் பொறுப்பு' எண்டு நீங்கள் வாக்குக் குடுக்கிறது. கம்பனியைப் பற்றி நீங்கள் சொல்லுறதை நம்பித்தான் அவர் வாங்குறார்."

வசனங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. கம்பனிக்கு எதிராக வழக்கு எதுவும் இல்லை. கம்பனியின் வான் வண்டிமேல் கடன் இல்லை. வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கி இல்லை. இதெல்லாம் எனக்குச் சிரமமாகப் படவில்லை. பிறகு இது வந்தது: கம்பனி ஸ்டிக்கர் ஒட்டிய ஒவ்வோர் இடத்திலும் சுத்தம் செய்யும் வேலை கூட்டிலிருந்து கூரை விசிறிவரை முழுமையாகச் செய்யப்பட்டுள்ளது.

"இதை நானோ சொல்லுறது?"

"டிரெக்டர் எண்டு இப்ப சைன் பண்ணக்கூடிய ஆள் நீங்கள்தானே."

"பிள்ளை, நான் ஒரு புகைக்கூட்டையும் கண்ணால காணேல்லை. எனக்குத் தெரியாமல் எங்கயாவது பிழை இருந்தா?"

அவர் பேனையை மூடினார். "தெரியுமோ தெரியாதோ எண்டு ஆரும் கேக்கமாட்டினம் அன்ரி. தட்ஸ் த பொயின்ற். ஒரு ரெஸ்ரோரன்ட் நெருப்புப் பத்தி, அதுக்கு முதல் நாங்கள் ஒட்டின ஸ்டிக்கர் பொய் எண்டு தெரியவந்தா, முதல்ல வாங்கினவரிட்டப் போவினம். அவர் உங்களிட்ட வருவார். கம்பனி மட்டுமில்லை, நீங்களும் தனிப்பட்ட முறையில சைன் பண்ணுறியள்."

ஒரு ரெஸ்ரோரன்ட் நெருப்புப் பத்தி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. வீடு போய்விடும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

'எனக்குத் தெரிந்தவரை' என்று அந்த வசனத்தில் சேர்க்கமுடியுமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சில நாட்களில் போனில் பதில் சொன்னார். வாங்குபவரின் பக்கத்தார் சம்மதித்தார்கள், ஆனால் தங்கள் சொற்களில்: உரிய முறையில் விசாரித்து அறிந்தவரை.

"இதுக்கு என்ன கருத்து?"

"கேட்டிருந்தால் தெரியவந்திருக்கும் எண்டு இருந்தா, உங்களுக்குத் தெரியும் எண்டுதான் கணக்கு. அதாலை கேக்காமல் இருக்கேலாது."

"ஆரைக் கேக்கிறது?"

"அங்கிளைத்தான். கம்பனியை நடத்தினது அவர்தானே. ஐ ஆம் சொறி, அன்ரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, அவரைக் குசினி மேசையில் என் முன்னால் இருத்தினேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எனக்கு ஒரு முறை சொல்லித் தந்திருந்தார். ஒரே கேள்வியை நேராகவும் மறுபக்கமாகவும் கேளுங்கள், வாயைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள் என்று.

"இஞ்சருங்கோ, கம்பனிக்கு எதிரா ஆரும் வழக்குப் போட்டிருக்கினமோ?"

"ஓம்."

"ஒருத்தரும் வழக்குப் போடேல்லையோ?"

"ஓம்." இந்தமுறை கண் இமைகள் தளர்ந்தன, தலை மெதுவாக ஆடியது. இதுதான் மெய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே ஒவ்வொன்றாகப் போனோம். வான், சம்பளம், வரி. ஒரு நீதிபதி விசாரிப்பதுபோல அவரை விசாரிப்பது எனக்கே கேவலமாக இருந்தது. அவர் பொறுமையாக இருந்தார். தனக்கும் ஏதோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தாரோ தெரியாது.

"ஸ்டிக்கர் ஒட்டின இடமெல்லாம் மேல வரைக்கும் வேலை முடிச்சனீங்கள்தானே?"

"ஓம்," என்றார். உடனே அவருடைய இடது கை மேசையைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நோகிற பிடி. "ஓம். ஓம். ஓம்." முகம் இறுகிக் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"முடிக்காத இடம் ஏதும் இருக்கோ?"

அவர் என்னையே பார்த்தார். இம்முறை 'ஓம்' கூட வரவில்லை.

எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். இரண்டு பயம் ஒன்றாக வந்தன. எங்கேயோ ஒரு கடையில் எண்ணெய் படிந்த குழாய்க்குக் கீழே இந்த நிமிடமும் அடுப்பு எரிகிறது என்பது ஒன்று. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர் செய்யாத வேலைக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவராக இருந்திருப்பாரோ என்பது மற்றது. எது பெரிய பயம் என்று அப்போது கேட்டிருந்தால் இரண்டாவது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நான் நிண்ட இடமெல்லாம் வேலை சரியாத்தான் முடிஞ்சது," என்றார். "நான் எப்பவும் கீழ, அண்ணை மேல. கூரைக்கு என்னை விடமாட்டார், எனக்குத் தலைசுத்து இருக்கெண்டு. மேல செய்ததை நான் ஒவ்வொண்டா ஏறிப் பாக்கேல்லை. அண்ணையை ஆர் செக் பண்ணுறது?"

"அவருக்கு வருத்தம் வந்து விழுந்தபிறகு?"

"நாங்கள் போன கடையளில எல்லாம் மேல ஏறினது புது ஆள். ஒரு குறையும் சொல்லேல்லை. ஆனா வருசத்துக்கு ரெண்டு தரம் மட்டும் செய்யிற கடையள் கொஞ்சம் இருக்கு. அதுகளுக்கு இன்னும் தவணை வரேல்லை. அங்க கடைசியா மேல ஏறினது அண்ணைதான்."

அந்தக் கடைகள் எவை என்று கேட்டுக்கொண்டேன். அடுத்தநாள் வேலைக்கு வரமுடியாது என்று கடைக்குச் சொல்லிவிட்டு, காலையில் அவரைக் காரில் ஏற்றினேன். பெப்ரவரி. வீதி ஓரமெல்லாம் அழுக்குப் பனி குவிந்திருந்தது. எங்கே போகிறோம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் முன்கூட்டியே மாறிவிடும் என்று பயந்தேன். முதல் கடை வந்ததும் காரை நிறுத்தி அவரைப் பார்த்தேன். வெளியே பார்த்து லேசாகச் சிரித்தார். பழக்கமான இடத்தைக் கண்ட சிரிப்பு. இரண்டாவது இடத்தில் சீற் பெல்ட்டை இழுத்து விளையாடினார். அடுத்த இடத்தில் கோப்பி வாங்கித் தரச்சொல்லிக் கை காட்டினார், வாங்கிக் கொடுத்தேன். ஒருவேளை எல்லாம் என் கற்பனை, அன்றைக்கு அவருக்கு வேறு ஏதோ நொந்திருக்கிறது என்று என்னைத் தேற்றத் தொடங்கியிருந்தேன்.

மோர்னிங்சைட்டில் இரண்டு மாடிப் பிளாஸா ஒன்றுக்குள் காரைத் திருப்பியபோது கோப்பி அவர் மடியில் ஊற்றுப்பட்டது.

அவர் கோப்பியைக் கவனிக்கவே இல்லை. இடது கையைக் கண்ணாடியில் வைத்துத் தட்டினார். "மே... மே..." என்றார். வியர்த்தது. "மேல."

வருத்தம் வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் புதுச்சொல் அது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டிய நான் பயத்தில் உறைந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு சிறிய கொத்துரொட்டிக் கடை. அதற்கு மேல்மாடியில் பிள்ளைகளுக்கான ரியூஷன் வகுப்பு. யன்னலில் வண்ணக் காகிதத்தில் வெட்டிய எழுத்துகள் ஒட்டியிருந்தன.

அவரைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, ஹீற்றரை ஓடவிட்டு, தம்பியைப் போனில் வரச்சொல்லிவிட்டுக் கடைக்குள் போனேன். முதலாளி எங்களை அறிந்தவர். கவுன்டருக்குப் பின்னால் தட்டகப்பையின் சத்தம். மத்தியானச் சமையல் நடந்துகொண்டிருந்தது. கூட்டின் ஓரத்தில் எங்கள் ஸ்டிக்கர் தெரிந்தது. அவருடைய கையெழுத்து.

"அண்ணை, அடுப்பை நிப்பாட்டுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"என்ன தங்கச்சி? என்ன நடந்தது?"

"மேல குழாய் கிளீன் பண்ணுப்படேல்லையோ எண்டு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. தம்பியைக் கூப்பிட்டிருக்கிறன், வந்து திறந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நிப்பாட்டுங்கோ."

அவர் ஸ்டிக்கரைக் காட்டினார். "உதில கூரை வரைக்கும் எண்டு போட்டுக் கிடக்கே. உங்கட அவர்தானே ஒட்டினவர்? இன்சூரன்ஸ்காரன் போன மாசம் வந்து உதைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனவன்."

"அது பிழையா இருக்கலாம்."

"இருக்கலாமோ, இருக்கோ?"

"எனக்குத் தெரியாது அண்ணை. தெரியாதபடியால்தான் நிப்பாட்டச் சொல்லுறன்."

அவர் முகம் கறுத்தது. மத்தியான வியாபாரம், காத்துநிற்கும் ஆட்கள், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கண் மேலே, சீலிங்குக்குப் போனது. மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ரியூஷன் ஆசிரியர் பின்னேர வகுப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்திருக்கவேண்டும். முதலாளி தானே போய் காஸ் அடுப்பை அணைத்தார். "என்ர பேரப்பிள்ளையும் அங்கதான் படிக்குது," என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

தம்பி புது ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூரைக்குப் போகும் வழி மேல்மாடி நடையின் முடிவில் இருந்தது. சுவரில் பொருத்திய இரும்பு ஏணி, மேலே ஒரு மூடி. நடையில் பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றி வைக்கிற தட்டுகளைக் கடந்து போனோம். யாரோ ஒரு பிள்ளையின் பனிச்சப்பாத்து ஒற்றையாகக் கிடந்தது.

"நானும் ஏறுறன்," என்றேன்.

"வேண்டாம் அக்கா, வழுக்கும். படம் எடுத்துக்கொண்டு வருவினம்."

"நான்தான் சைன் பண்ணப்போறன் தம்பி. நான் பாக்கவேணும்."

அவருக்குத் தலைசுற்று என்று சொன்னேனே, அவரும் பின்னால் ஏறினார். ஒவ்வொரு படியிலும் அவர் மூச்சு வாங்குவது கீழே கேட்டது. மூடிக்கு வெளியே காற்று முகத்தில் அறைந்தது. கூரையில் பனி இறுகிக் கிடந்தது. இரண்டு அடி வைத்ததும் எனக்கு விளிம்பு பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றியது, உண்மையில் அது தூரத்தில். குந்தியபடி நகர்ந்தேன். புது ஆள் விசிறியின் கொக்கியைக் கழற்றிப் பக்கவாட்டில் சரித்தார். டோர்ச்சை உள்ளே அடித்தார். விலகி எனக்கு இடம் விட்டார்.

குழாயின் வாயில் ஒரு முழத்துக்குத் தகரம் பளபளத்தது. சுரண்டிய கோடுகள் ஒன்றின்பக்கத்தில் ஒன்றாக, சீப்பால் வாரியதுபோல நேராக இறங்கின. பிறகு அந்தக் கோடுகள் சரியத் தொடங்கின. ஒரு பக்கமாக இழுபட்டு, ஒன்றையொன்று வெட்டி, மெலிந்து, நின்றுவிட்டன. அதற்குக் கீழே கறுப்பு. தடித்த, மினுங்கும் கறுப்பு, டோர்ச் வெளிச்சம் போகிற ஆழம்வரை. அந்தக் கறுப்பில் செருகியபடி ஒரு சுரண்டி நின்றது. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை உப்பிடிக் கோணலாச் சுரண்டமாட்டார் அக்கா," என்றார். "இது... அவருக்கு வருத்தம் வர முதல்நாள் செய்த கடை. செவ்வாய்க்கிழமை, கடை பூட்டு. நான் கீழ முடிச்சிட்டு, பிள்ளையை டென்டிஸ்ட்டிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு முதலே வெளிக்கிட்டிட்டன். அண்ணை மேல நிண்டவர். நீர் போம், நான் முடிச்சிட்டு வாறன் எண்டு கையைக் காட்டினவர்."

நான் பனியில் அப்படியே இருந்துவிட்டேன். அன்று அவர் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார், களைப்பாக இருக்கிறது என்று படுத்தார். கை அவருக்கு இங்கேதான் போயிருக்கிறது. சுரண்டி கையிலிருந்து விழுந்திருக்கிறது. விசிறியை எப்படித் திரும்ப மூடினார், அந்த ஏணியால் எப்படி இறங்கினார், வானை எப்படி ஓட்டி வந்தார்? இடையில் எந்த நிலையில் நின்று அந்த ஸ்டிக்கரை எழுதி ஒட்டினார்? பழக்கத்தில் கை தன்பாட்டில் செய்ததா, அல்லது நாளைக்கு வந்து முடிக்கலாம் என்று நினைத்தாரா? பிறகு அவரை நேராகவும் மறுபக்கமாகவும் கேட்டுப் பார்த்தேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை என்று நம்புகிறேன். அந்தக் கோடுகளைப் பார்த்த எவரும் அப்படித்தான் நம்புவார்கள்.

காருக்குத் திரும்பியபோது அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். "கண்டுபிடிச்சிட்டம். இண்டைக்கே கிளீன் பண்ணுவினம்," என்றேன். அவர் உடம்பு முழுவதும் தளர்ந்தது. நான்கு மாதமாக இதை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் அந்தரப்பட்டபோது நான் பசியோ, மலசலகூடமோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரமே வேலை முடிந்தது. ரியூஷன் ஆசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன், அன்றைய வகுப்பை அவர் நிறுத்திவிட்டார். பழைய ஸ்டிக்கரைத் தம்பி சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டினார். கடை முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறு கம்பனியைப் பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

லோயருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாங்குபவருக்கு இதை வெளிப்படுத்தித்தான் ஆகவேண்டும் என்றார். "சொன்னால் அவர் விட்டிட்டுப் போகலாம் அன்ரி. சொல்லாட்டி நீங்கள் தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னதா வரும். அது வேற லெவல்." நான் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒஷாவாக்காரரைச் சந்திக்கப் போன அன்று காரை நிறுத்திவிட்டு இறங்கமுடியாமல் கொஞ்சநேரம் இருந்தேன். இவர் போய்விட்டால் இன்னொருவரைத் தேடவேண்டும். கதை ஊரெல்லாம் பரவும், யார் வாங்குவார்கள்?

அவர் முழுவதையும் கேட்டார். கூரையில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோடுகள் சரிகிற இடத்தில் விரல் நின்றது. அவரும் அந்தத் தொழில்காரர்தானே.

"இவர் இறங்கி வந்ததே அதிசயம்," என்றார். பிறகு, "இப்படி வேறு எத்தனை இருக்கும்?"

லோயர் என் முழங்காலை மேசைக்குக் கீழே தொட்டார், பேசவேண்டாம் என்று. நான் பேசினேன். "எனக்குத் தெரியாது. இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இதையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்."

அவர் தாடியைத் தடவினார். கைச்சாத்திடுவதற்கு முன் மிச்சமிருக்கும் கூரைகளைத் தன் ஆட்கள் திறந்து பார்க்கவேண்டும் என்றார். அந்த நாட்களில் கடையில் ஒருவரின் மூக்குக்கண்ணாடியைக் கைதவறிக் கீழே போட்டேன். என் போன் ஒவ்வொருமுறை அதிரும்போதும் இன்னொரு கறுப்புக் குழாய் கண்முன் வந்தது. கடைசியில் அவரே எடுத்தார். ஓரிடத்தில் விசிறியின் பட்டி தேய்ந்திருந்தது, ஓரிடத்தில் கீல் துரு. மற்றதெல்லாம் சுத்தம். "உங்கள் கணவர் என் ஆட்களைவிட நன்றாகச் சுரண்டுவார்," என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போய் அழுதேன்.

கையெழுத்து வைத்தேன். மோர்னிங்சைட் கடையைப் பற்றி ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தனியாக எழுதினார்கள். அவருக்கு முன்கூட்டியே சொன்ன விஷயத்துக்காக என்மேல் பிறகு வழக்குப் போடமுடியாதாம். மற்றக் கூற்றுகளுக்கெல்லாம் இரண்டு வருடம் நான் பொறுப்பு. விசாரித்து அறிந்தவரை.

அந்த இரண்டு வருடமும் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டால் எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்க்காமல் என்னால் இருக்கமுடியவில்லை. ஒருமுறை கடை யன்னலால் தூரத்தில் கறுப்புப் புகை எழும்பியதைக் கண்டேன். கண்ணாடி போட வந்த ஒருவரை அரைகுறையில் விட்டுவிட்டு வெளியே ஓடினேன். வீதியில் நின்ற பெண்ணிடம் "எங்க பத்துது?" என்று தமிழில் கேட்டேன், அவர் தமிழரும் இல்லை. நிறுத்தி வைத்திருந்த ஒரு லொறி எரிந்ததாம், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. முகாமையாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டில் சுகமில்லை என்று சொன்னேன்.

என் கணவருக்கு இப்போது இருபது முப்பது சொற்கள் வரும். என் பெயரைச் சொல்வார், ஆனால் சிலவேளை அதைத் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் சொல்வார். மோர்னிங்சைட் பக்கம் போனால் மேலே பார்ப்பார். நானும் பார்ப்பேன். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

கால எல்லை முடிந்த அன்று லோயரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. யாரும் எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை, உங்கள் பொறுப்பு முடிந்தது, அங்கிளைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று. இதைத் தம்பிக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது. ஒஷாவாக்காரரிடம் அவர் இப்போது ஒரு குழுவுக்குப் பொறுப்பாளர். போன் எடுத்தேன். காற்று இரைகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"அக்கா, நான் கூரையில நிக்கிறன். பேந்து எடுக்கட்டே?"

"நீர் ஏன் மேல ஏறினீர்? உமக்குத் தலைசுத்தெல்லோ?"

"இப்ப பழகிப்போச்சு. பெடியள் முடிச்சால் நான் ஒருக்கா ஏறிப் பாப்பன்."

"இறங்கின உடன எடும்," என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

போனை மேசையில் வைத்துவிட்டு அதன் முன்னால் இருந்தேன். அடுப்பில் சோறு கொதித்தது, எழும்பிப் போய் இறக்கிவிட்டு வந்து திரும்பவும் இருந்தேன். என் கணவர் வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார், என்ன என்று புருவத்தை உயர்த்தினார். தம்பி கூரையில் நிற்கிறார் என்று சொன்னேன். அவரும் போனைப் பார்த்துக்கொண்டு என்னோடு இருந்தார். இருட்டுவதற்கு முன் அது அடித்தது.

"இறங்கிட்டன் அக்கா," என்றார் தம்பி. "சொல்லுங்கோ, என்ன விசயம்?"